காகிதத்தில் இருந்த விதி

தாராவிக்கும் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கும் நடுவே மித்தி ஓடுகிறது. அதை ஆறு என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு கரையில் தோல் பை தைக்கும் பட்டறைகள், விடியுமுன் இட்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக் கிளம்புகிறவர்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேரன் பேத்திகள். மறு கரையில் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றில் ஒன்று தேசியப் பங்குச் சந்தை. 1994-ல் தொடங்கியபோது, தரகர்கள் கூவி விற்கும் கூடமே இல்லாமல், செயற்கைக்கோள் வழியாக நாடு முழுவதும் கம்ப்யூட்டர் திரையிலேயே பங்கு வியாபாரம் நடத்திக் காட்டிய நிறுவனம்.

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. மறுநாள் அந்த மாதத்தின் டெரிவேடிவ் ஒப்பந்தங்கள் முடியும் நாள் என்பதால் சந்தையில் பரபரப்பு. காலை 11.40-க்கு என்.எஸ்.இ. எல்லாப் பிரிவுகளிலும் வர்த்தகத்தை நிறுத்தியது. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. மதியம் போயிற்று. வழக்கமாகச் சந்தை மூடும் நேரமான 3.30-ஐ நெருங்கியபோது, பல தரகர்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் அன்றைய கணக்குகளைப் போட்டி நிறுவனமான பம்பாய் பங்குச் சந்தையில் கிடைத்த விலைக்கு முடித்துக் கொண்டார்கள். அதன் பிறகு 3.45-க்கு என்.எஸ்.இ. திறந்தது, நேரம் 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. அன்று சென்செக்ஸ் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் ஏறி முடிந்தது. ஏற்றத்தை எதிர்பார்த்து வாங்கி வைத்திருந்து, தன் சம்மதம் இல்லாமலே நடுவில் கணக்கு முடிக்கப்பட்ட சிறு முதலீட்டாளர்கள் அந்த ஏற்றத்தைத் திரையில் வேடிக்கை பார்த்தார்கள்.

காரணம் வெளிவந்தபோது அது ஏறக்குறைய நகைச்சுவையாக இருந்தது. சந்தையின் பிரதான கம்ப்யூட்டர் மையத்தையும், மும்பையிலேயே இருக்கும் அதன் அருகாமை மாற்று மையத்தையும் பல தொலைத்தொடர்பு இணைப்புகள் சேர்த்தன. ஒன்று போனால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிய இணைப்புகள். இரண்டுமே அன்று தடுமாறின. வழியில் சாலையைத் தோண்டிக் கொண்டிருந்தார்கள். அதுவும் தாங்கக்கூடியதே. மாற்று மையத்துக்குப் போகும் இணைப்பு அறுந்தால் பிரதான மையம் அதைப் பொருட்படுத்தாமல் ஓட வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் ஓடவில்லை. தகவல்களைச் சேமித்து வைக்கும் வலையமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. அதை நம்பியிருந்த இடர் கண்காணிப்பு அமைப்பு நின்றது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்த முடியாது என்பதால் சந்தையே நின்றது. தாங்கள் கேட்டிருந்த வடிவமைப்புக்கு ஏற்ப மாற்றுவழித் தர்க்கம் அமைக்கப்படவில்லை என்று என்.எஸ்.இ. பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் சொன்னது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் கவனிக்க வேண்டியது. விதி இருந்தது. அறிவுள்ளவர்கள் யோசித்து எழுதிய விதி. அது நிஜத்தில் அமலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு மண்வெட்டி தேவைப்பட்டது.

மென்பொருள் உலகில் இந்த வியாதி புதிதல்ல. பங்குச் சந்தை அளவுக்குப் பெரிய இடமும் தேவையில்லை. ஒரு சாதாரணக் கூட்டுறவு வங்கியின் புரோகிராமிலும் இதைப் பார்க்கலாம்.

மாட்டுங்காவில் வாழையிலைச் சாப்பாடு போடும் பழைய மெஸ் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாசலில் காசு வாங்கிச் சீட்டுக் கொடுப்பவர் ஒருவர். பரிமாறுகிறவர்கள் சிலர். உள்ளே சமையல்காரர்கள். சாப்பிட வந்தவர் சாம்பார் வேண்டுமென்றால் பரிமாறுகிறவரிடம் கேட்கிறார். நேராக உள்ளே போய் அண்டாவில் கரண்டியை விடுவதில்லை. சமையல்காரரும் கல்லாவில் கை வைப்பதில்லை. இதனால் ஒரு சௌகரியம்: நாளை அண்டாவை மாற்றினாலும், விறகடுப்பை எடுத்துவிட்டுக் கேஸ் அடுப்பு வைத்தாலும், பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பெரிய மென்பொருளும் இப்படித்தான் அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. மேலே வாடிக்கையாளர் பார்க்கும் திரை. நடுவில் வட்டி கணக்கிடுவது, வரம்பு பார்ப்பது போன்ற தொழில் விதிகள். அடியில் தகவல்கள் குவிந்திருக்கும் தரவுத்தளம். திரை நடு அடுக்கிடம்தான் கேட்க வேண்டும். நேராகத் தரவுத்தளத்தில் கை வைக்கக் கூடாது. இதுபோன்ற பத்து இருபது கட்டளைகள்தான் ஒரு மென்பொருளின் கட்டமைப்பு என்பது. ஒரு அமைப்பின் உயிரே அவற்றில் இருக்கிறது. தலைமை வடிவமைப்பாளர் முதல் மாதத்தில் அழகான படம் வரைந்து, எல்லோரையும் கூட்டி வைத்து விளக்குவார். படம் சுவரில் ஏறும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வரும். திங்கள் காலை வாடிக்கையாளருக்கு ஒரு புதிய அறிக்கை வேண்டும். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் வந்து போகும் இளம் புரோகிராமருக்கு நடு அடுக்கில் புதிய வழி அமைக்க இரண்டு நாள் ஆகும். திரையிலிருந்து நேராகத் தரவுத்தளத்தைத் தொட்டால் இருபது நிமிடம். அவர் இருபது நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். திங்களன்று பாராட்டும் கிடைக்கிறது. தவறு என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. புரோகிராம் சரியாக ஓடுகிறது, பதிலும் சரியாக வருகிறது. மூன்று வருடத்தில் இப்படி நூறு குறுக்கு வழிகள் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு தரவுத்தளத்தில் ஒரு கட்டத்தின் பெயரை மாற்றினால், எங்கோ சம்பந்தமில்லாத முப்பது திரைகள் விழும். மெஸ் நடத்திக் கொண்டிருந்தவர்கள், எல்லோரும் அண்டாவைச் சுற்றி நிற்கும் கல்யாண வீட்டை நடத்த வேண்டியதாகிவிடும்.

டிவெய்ன் பெரி, அலெக்சாண்டர் உல்ஃப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1992-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள்: கட்டமைப்பு அரிப்பு. பொருத்தமான சொல். அரிப்பில் எந்த ஒரு மணல் துகளும் குற்றவாளி இல்லை.

இதைத் தடுக்க இந்திய நிறுவனங்களுக்குத் தெரிந்த பழைய மருந்து, காகிதம். தொண்ணூறுகளில் தர நிர்ணயச் சான்றிதழ்கள் வாங்குவதில் நம் மென்பொருள் நிறுவனங்கள் உலகத்தையே ஆச்சரியப்படுத்தின. வரவேற்பறைச் சுவரில் ஐ.எஸ்.ஓ., சி.எம்.எம். சட்டங்கள்; அலமாரியில் தடித்த கையேடுகள்; வருடத்துக்கு ஓரிரு முறை வரும் தணிக்கையாளர்கள். அதனால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நம்பிக்கை பிறந்ததே அதனால்தான். ஆனால் தணிக்கையாளர் பார்த்தது, கூட்டம் நடந்ததா, படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா என்பதை. திரை தரவுத்தளத்தைத் தொடுகிறதா என்பதை அவர் பார்க்கவில்லை. லட்சக்கணக்கான வரிகளில் அதைப் பார்க்க மனிதக் கண்ணால் முடியாது.

கம்ப்யூட்டரால் முடியும். அதற்கு விதியைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இந்த யோசனையின் ஒரு கிளை கார்களிலிருந்து வந்தது. பிரேக்கையும் எஞ்சினையும் கட்டுப்படுத்தும் மென்பொருளை சி மொழியில் எழுதத் தொடங்கியபோது பயந்த பிரிட்டனின் மோட்டார் தொழில்துறை, 1998-ல் மிஸ்ரா-சி என்ற பெயரில் 127 விதிகளை வெளியிட்டது. ஒரு கம்பெனிக்காக அல்ல, எல்லோருக்கும். கருவி தயாரிப்பாளர்கள் அந்த விதிகளைச் சோதனைகளாக மாற்றி விற்றார்கள். ஒரு தொழிற்சாலை பட்ட அடியிலிருந்து பிறந்த பாடம், கார்களைத் தாண்டி விமானங்களுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் காவலானது. செம்பூரைத் தாண்டினால் வரும் அணுசக்தி நகரில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கனநீர் அணு உலைகளின் கம்ப்யூட்டர் அமைப்புகள் பற்றி 2010-ல் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் மென்பொருளை எழுதியவரே 'சரியாக இருக்கிறது' என்று சொன்னால் செல்லாது. எழுதாத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

மிஸ்ராவின் 2012 பதிப்பில் ஒரு நேர்மையான காரியம் செய்தார்கள். கட்டளைகளை இரண்டாகப் பிரித்தார்கள்: கருவியே புரோகிராமைப் படித்துச் சோதிக்கக்கூடிய 143 விதிகள் ஒரு பக்கம், புரோகிராமை மட்டும் படித்து முடிவு சொல்ல முடியாத, மனிதர் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய 16 வழிகாட்டல்கள் மறு பக்கம். எது இயந்திரத்துக்கு, எது மனிதருக்கு என்று ஒளிவுமறைவின்றிச் சொன்ன இந்தப் பிரிவினையைப் பல கம்பெனிகள் இன்னும் செய்துகொள்ளவில்லை.

இன்னொரு கிளை சோதனைக்காரர்களிடமிருந்து வந்தது. 1997-ல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜேயூனிட் என்ற சிறு கருவியை எழுதினார்கள். புரோகிராமர் தன் புரோகிராமுக்குத் தானே சோதனை எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை ஓடவிடும் பழக்கம் அதனால் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தச் சோதனைகள் கேட்டது 'வட்டி சரியாக வருகிறதா' என்பது போன்ற கேள்விகளை. 'யார் யாரிடம் பேசலாம்' என்று கேட்கவில்லை. அதற்கு இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. ஜெர்மனியில் மியூனிக்கைச் சேர்ந்த டி.என்.ஜி. என்ற நிறுவனத்திலிருந்து 2017-ல் ஆர்ச்யூனிட் இலவசமாக வெளிவந்தது. டாட் நெட் போன்ற பிற தளங்களுக்கும் பிறகு இதே மாதிரிக் கருவிகள் வந்துவிட்டன.

ஆர்ச்யூனிட் செய்வது எளிமையான வேலை. ஜாவா புரோகிராம் தயாரானதும் அதைப் படித்து, எந்தப் பகுதி எந்தப் பகுதியை அழைக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்கிறது. பிறகு விதியைப் பார்க்கிறது. விதி ஏறக்குறைய பேச்சு மொழியிலேயே இருக்கும்: 'திரை அடுக்கில் உள்ள எதுவும் தரவுத்தள அடுக்கில் உள்ள எதையும் நேரடியாக அழைக்கக் கூடாது.' மீறல் இருந்தால் சோதனை தோல்வி. எந்தக் கோப்பு, எந்த வரி என்று பட்டியலும் வரும். செம்பூர் இளைஞர் அந்த வெள்ளிக்கிழமை குறுக்கு வழியை எழுதிச் சேர்த்த சில நிமிடங்களில் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். மூன்று வருடம் காத்திருக்க வேண்டாம். முக்கியமாக, அவரிடம் குறை சொல்வது மேலதிகாரி இல்லை. கோபதாபம் இல்லை. இதன் அருமை இந்திய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

அடுத்த படிதான் இன்று பெரிய நிறுவனங்கள் ஏறிக் கொண்டிருப்பது. ஒரு வங்கியிடம் ஒரு புரோகிராம் இல்லை. கடன், டெபாசிட், கைப்பேசிச் சேவை, அட்டை என்று ஐம்பது அறுபது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் அதே விதிகளைத் தனித்தனியாக எழுதினால், ஒரு குழு ஐந்து எழுதும், ஒன்று பதினைந்து எழுதும், ஒன்று எழுதாது. ஆகவே விதிகளை ஒரே இடத்தில் தொகுத்து, பதிப்பு எண் போட்டு, ஒரு நூலகமாக வெளியிடுகிறார்கள். ஆர்ச்யூனிட்டில் இதற்கு வசதி இருக்கிறது: ஒருவர் எழுதிய விதித் தொகுப்பை மற்றொருவர் ஒரே வரியில் தன் சோதனைக்குள் சேர்த்துக்கொள்ளலாம், தொகுப்புகளை அடுக்கிப் பெரிய தொகுப்பாக்கலாம். எல்லோருக்கும் பொதுவானது அடியில்; பணம் கையாளும் புரோகிராம்களுக்கானது அதன் மேல்; குழுவின் சொந்த விதிகள் உச்சியில். கடன் பிரிவில் ஒரு கோளாறு நடந்து அதிலிருந்து ஒரு விதி பிறந்தால், புதிய பதிப்பு போய்ச் சேர்ந்த அன்றே அட்டைப் பிரிவிலும் அது காவல் காக்கும். பட்டவர் ஒருவர், பாடம் ஐம்பது பேருக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கலும் இங்கேதான் ஆரம்பம்.

தாராவியில் இட்லி மாவு அரைக்கும் வீடுகளில் அரிசி-உளுந்து அளவு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஜூலை மழையில் புளிக்கும் நேரம் வேறு, ஜனவரியில் வேறு. அளவைக் கடன் வாங்கலாம், நேரத்தைக் கடன் வாங்க முடியாது. விதித் தொகுப்பிலும் இதே தொல்லை. 'திரை' என்று பெயரிட்ட அடைவில் இருப்பவை எல்லாம் திரை அடுக்கு என்று ஒரு விதி எழுதியிருப்பார்கள். இன்னொரு குழு தன் அடைவுக்கு 'வலை' என்று பெயர் வைத்திருக்கும். விதி ஓடும். 'திரை'யைத் தேடும். ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காததால் மீறலும் கிடைக்காது. பச்சை விளக்கு! ஒரு திருடனைக்கூடப் பிடிக்காத காவலருக்கு, ஊரில் திருட்டே இல்லை என்று பதக்கம் கொடுத்த கதை. இது கற்பனைப் பயம் இல்லை. சோதிக்க எதுவுமே அகப்படாவிட்டால் அதையே தோல்வியாகக் கொள்ளும்படி ஆர்ச்யூனிட்டின் பிந்தைய பதிப்புகளை அதன் ஆசிரியர்களே மாற்றினார்கள்.

பகிர்ந்துகொள்ளும் தொகுப்புக்கு முதல் தகுதி இதுவாக இருக்க வேண்டும். அது தேடியது எத்தனை, கண்டது எத்தனை என்று சொல்ல வேண்டும். வேண்டுமென்றே விதியை மீறும் ஒரு சிறு மாதிரிப் புரோகிராமைத் தொகுப்போடு சேர்த்து வைத்து, அதைப் பிடிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சோதனைக்கே சோதனை. அடைவின் பெயரை நம்புவதைவிட, ஒவ்வொரு குழுவும் தன் பகுதிகளின் மேல் 'இது திரை', 'இது தரவுத்தளம்' என்று அடையாளச் சீட்டு ஒட்டி வைத்தால் விதி ஏமாறாது.

இரண்டாவது தொல்லை, பழைய பாவங்கள். பத்து வருடமாக ஓடும் ஒரு புரோகிராமில் புதிய தொகுப்பைச் சேர்த்தால் முதல் நாளே மூவாயிரம் மீறல்கள் என்று அறிக்கை வரலாம். அதைப் பார்த்த மேலாளர் தொகுப்பைத் தூக்கி எறிவார். இதற்கு ஆர்ச்யூனிட் ஒரு நடைமுறை வழி வைத்திருக்கிறது. இருக்கும் மீறல்களை ஒரு கோப்பில் எழுதி 'உறைய' வைத்துவிடலாம். பழையவை மன்னிக்கப்படும், புதிதாக ஒன்று சேர்ந்தால் மட்டும் சோதனை விழும். பழையது ஒன்றைத் திருத்தினால் பட்டியலிலிருந்து அது தானாகவே நீங்கிவிடும், திரும்ப வர முடியாது. குடிசைப் பகுதியில் இன்ன தேதிக்கு முன் கட்டியவற்றுக்குப் பாதுகாப்பு என்று மகாராஷ்டிர அரசு தேதி குறிப்பதைப் பார்த்துப் பழகிய மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தேதி எத்தனை முறை தள்ளிப்போனது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உறைந்த கோப்பும் அப்படியே. அவசரத்தில் யாராவது அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினால் புதிய பாவங்களும் பழையவையோடு சேர்ந்து மன்னிப்புப் பெறும். அந்தக் கோப்பை மாற்ற இரண்டாவது ஆளின் ஒப்புதல் வேண்டும் என்று வைக்காத நிறுவனத்தில் தொகுப்பு இருந்தும் இல்லாததே.

மூன்றாவது, காரணம். விதியை எழுதும்போதே 'ஏனெனில்' என்று ஒரு வரி சேர்க்க ஆர்ச்யூனிட்டில் இடம் இருக்கிறது. சோதனை விழும்போது அந்த வரியும் திரையில் வரும். எழுதாமல் விட்டாலும் சோதனை ஓடும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விதியை எழுதியவர் வேலை மாறிப் பெங்களூர் போய்விடுவார். அடுத்து வருபவர்களுக்கு அது அம்மாவாசை விரதம் மாதிரி. ஏன் என்று தெரியாது, விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். ஒன்று, அர்த்தமில்லாமல் கடைப்பிடிப்பார்கள். அல்லது, அர்த்தமில்லை என்று தள்ளிவிடுவார்கள், அதுவும் பெரும்பாலும் விபத்துக்கு முதல் மாதத்தில்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் உண்டு. தொகுப்பை எழுதுபவர்கள் மேல்மாடியில் இருக்கும் வடிவமைப்பாளர்கள். இரவு பத்து மணிக்குச் சிவப்பு விளக்கோடு மல்லுக்கட்டுபவர் இருபத்து நாலு வயதுப் புரோகிராமர். அவருடைய இடத்தில் அந்த விதி நிஜமாகவே பொருந்தாமல் இருக்கலாம். சொல்ல வழியில்லாவிட்டால், தன் கோப்பை விதியின் கண்ணில் படாத பெயரில் ஒளித்து வைப்பார். மிஸ்ராவில் இதற்கு ஒரு முறை இருக்கிறது: விதியிலிருந்து விலகலாம், ஆனால் எந்த விதி, எந்த இடம், ஏன், ஆபத்து இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். விதிவிலக்குக்குக் கௌரவமான வாசல் வைத்தால் திருட்டு வாசல் குறைகிறது. விதிவிலக்குகள் ஒரே விதியின் மேல் குவிந்தால், தவறு புரோகிராமர்களிடம் இல்லை, விதியிடம்தான் என்று மேல்மாடிக்கும் புரியும்.

இத்தனையும் செய்தாலும் 2021 பிப்ரவரி 24-ஐத் தடுத்திருக்க முடியுமா? ஆர்ச்யூனிட்டால் முடியாது. அது புரோகிராமைப் படிக்கும். சாலையில் தோண்டும் குழியைப் படிக்காது. சேமிப்பு வலையமைப்பு ஒரு வெளி நிறுவனம் தந்த பெட்டி; அதன் உள்ளே இருக்கும் தர்க்கத்தை எந்த ஜாவாச் சோதனையும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் யோசனை அதேதான். 'மாற்று மையத்தின் இணைப்பு அறுந்தாலும் பிரதான மையம் ஓட வேண்டும்' என்பது ஒரு கட்டமைப்பு விதி. அதைச் சோதிக்க ஒரே வழி, இணைப்பை அறுத்துப் பார்ப்பது. அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் இதைத்தான் செய்தது. ஓடிக் கொண்டிருக்கும் தன் கம்ப்யூட்டர்களை, அலுவலக நேரத்திலேயே, குருட்டாம்போக்கில் நிறுத்திப் பார்க்கும் 'கேயாஸ் மங்கி' என்ற புரோகிராமை எழுதி, 2012-ல் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. சினிமா காட்டும் கம்பெனி அப்படிச் செய்யலாம். படம் நின்றால் திட்டுவார்கள், அவ்வளவுதான். பங்குச் சந்தையில் குரங்கை அவிழ்த்துவிட யாருக்குத் தைரியம் வரும்?

செபி வேறு வழியில் போனது. 2021 மார்ச்சில் பங்குச் சந்தைகள், கணக்குத் தீர்வு நிறுவனங்கள், டெபாசிட்டரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதியைப் போட்டது. முக்கிய அமைப்பு எதுவும் முடங்கினால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் தொலைவில் உள்ள மாற்று மையத்திலிருந்து வேலை நடக்க வேண்டும். 'கூடிய விரைவில்', 'தகுந்த நடவடிக்கை' போன்ற சொற்களுக்குப் பதில் கடிகாரத்தால் அளக்கக்கூடிய எண்கள். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய விதிதான் சோதனையாக மாற முடியும் என்பதால், அந்த 30-ம் 45-ம் அபராதத்தைவிட முக்கியமானவை. பணமும் போகாமல் இல்லை: அந்த நாள் தொடர்பான நடவடிக்கையை முடித்துக்கொள்ள என்.எஸ்.இ.யும் அதன் கணக்குத் தீர்வு நிறுவனமும் 2023-ல் 72 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தின.

என்.எஸ்.இ.யின் தொலைதூர மாற்று மையம் இருப்பது சென்னையில். 2021-ல் நாலு மணி நேரம் சந்தை நின்றபோதும் வேலையை அங்கே மாற்றவில்லை. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தையை விசேஷமாகத் திறந்தார்கள். காலையில் ஒரு பகுதி வர்த்தகம் மும்பை மையத்திலிருந்து. இடைவேளை. பிறகு இரண்டாம் பகுதி, மாற்று மையத்திலிருந்து. நிஜப் பணம், நிஜப் பங்குகள். மே 18-ம் தேதி, மறுபடி ஒரு சனிக்கிழமை, இன்னொரு முறை. விலை எவ்வளவு ஏறலாம் இறங்கலாம் என்பதற்கு அன்று இறுக்கமான வரம்பும் வைத்திருந்தார்கள். இரண்டு நாளும் சந்தை ஓடியது. திரைக்கு முன்னால் இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

காகிதத்தில் இருந்த விதி ஓடிப் பார்க்கப்பட்டது என்ற அளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் தேதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பொறியாளர்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். வர்த்தகம் இல்லாத இடைவேளையில் மாற்றம் நடந்தது. டெரிவேடிவ் முடியும் நாளுக்கு முந்திய நாள், நடு வர்த்தகத்தில், யாருக்கும் சொல்லாமல் இணைப்பை அறுத்துப் பார்க்கும் சோதனை அல்ல இது.